அத்தியாயம் 3: காது கேளாதவருக்கான உதவிகள் – எதை முதலில் கேட்பது, எங்கே கேட்பது

காது கேளாதவருக்கும் செவித்திறன் குறைந்தவருக்கும் தமிழ்நாட்டில் அரசு உதவிகள் பல உண்டு. காதொலிக் கருவி, அறுவை சிகிச்சை, பள்ளி, தேர்வுச் சலுகை, வேலை ஒதுக்கீடு, பயணச் சலுகை என்று பட்டியல் நீளும். ஆனால் இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பரிசோதனை முடியாமல் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லாமல் அட்டை கிடைக்காது. அட்டை இல்லாமல் சலுகைகளில் பெரும்பாலானவை கிடைக்காது. வரிசை தெரியாதவர்கள் மாதக்கணக்கில் அலைந்து, கடைசியில் மனம் வெறுத்து விட்டுவிடுகிறார்கள். அந்த வரிசையைச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் வேலை.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனதில் வையுங்கள். காகித வேலை காத்திருக்கலாம். குழந்தையின் மொழி காத்திருக்காது. சான்றிதழ் வந்த பிறகு பயிற்சி தொடங்கலாம் என்று ஒருநாளும் தள்ளிப் போடாதீர்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள்.

தொடங்குமுன்: ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

ஒரு நல்ல பிளாஸ்டிக் கோப்பு வாங்குங்கள். அதில் கீழே உள்ளவற்றை இந்த வரிசையில் அடுக்குங்கள்.

1. ஆதார் அட்டை. பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றும் சரியா என்று பார்த்து, பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.
2. குடும்ப அட்டை நகல்.
3. பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளி மாற்றுச் சான்றிதழ்.
4. பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், குறைந்தது பத்து.
5. வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வருவாய்த் துறை வழங்கும்.
6. வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல்.
7. இதுவரை எடுத்த காது பரிசோதனை அறிக்கைகள், பழைய தேதி முதல் புதிய தேதி வரை.

குறிப்பு: எந்த அலுவலகத்திலும் அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: செவித்திறன் பரிசோதனை

*குழந்தைகளுக்கு*

பிறந்த குழந்தைக்குச் செய்யும் முதல் பரிசோதனைக்கு ஓஏஇ என்று பெயர். குழந்தை தூங்கும்போது காதில் சிறு முனையை வைத்து சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள், வலி கிடையாது. அதில் சந்தேகம் வந்தால் அடுத்தது பெரா பரிசோதனை. தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத் தண்டும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்ப்பார்கள்.

உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் கால அளவு 1–3–6. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கும் போகலாம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு அனுப்பும் குழந்தைகளை அங்கேதான் பார்ப்பார்கள்.

வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தட்டு விழும் அதிர்வையும் உங்கள் கையின் அசைவையும் பார்த்தே குழந்தை திரும்பக்கூடும். "எங்கள் குடும்பத்தில் எல்லோரும் தாமதமாகத்தான் பேசினோம்" என்ற சமாதானத்தால் வீணாகும் மாதங்கள் திரும்ப வராதவை.

*பெரியவர்களுக்கு*

ஒலி புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போது கை தூக்கவோ பொத்தானை அழுத்தவோ சொல்வார்கள். அதன் முடிவுதான் ஆடியோகிராம் என்ற வரைபடம்.

பரிசோதனைக்குப் போகுமுன்:

1. காதில் அழுக்கு அடைத்திருந்தால் மருத்துவரிடம் முதலில் எடுத்துவிடுங்கள்.
2. முந்தைய நாள் பட்டாசு, ஒலிபெருக்கி, இயந்திரச் சத்தம் உள்ள இடங்களுக்குப் போகாதீர்கள்.
3. சளி, காது வலி, சீழ் இருந்தால் சொல்லுங்கள்.
4. கேட்பதைக் கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள். சந்தேகம் வந்தால் பெரா எடுத்துப் பார்ப்பார்கள். அதில் உங்கள் கை தூக்கலுக்கு வேலையில்லை. பொய் என்று தெரிந்தால் உண்மையில் உரிமை உள்ளதும் தாமதமாகும்.

*ஆடியோகிராமை நீங்களே படிக்கலாம்*

500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு இடங்களில் உள்ள டெசிபல் அளவுகளைக் கூட்டி நான்கால் வகுங்கள். வலது காதில் 80, 85, 90, 95 என்றிருந்தால் கூட்டுத்தொகை 350, சராசரி 87.5. இடது காதில் 65, 70, 75, 80 என்றிருந்தால் கூட்டுத்தொகை 290, சராசரி 72.5.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இரு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு உள்ளவரைக் காது கேளாதவர் என்கிறது. இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவர் செவித்திறன் குறைந்தவர். மேலே சொன்ன உதாரணத்தில் உள்ளவர் முதல் வகையில் வருவார்.

"ஒரு காது சுத்தமாகக் கேட்கவில்லை, ஆனாலும் சதவீதம் குறைவாகப் போட்டுவிட்டார்கள்" என்ற வருத்தம் பலருக்கு உண்டு. கணக்கு முறை அப்படி. நன்றாகக் கேட்கும் காதின் சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, அதனுடன் மற்றக் காதின் சதவீதத்தைக் கூட்டி, ஆறால் வகுக்கிறார்கள். ஒரு காது முழுதாகக் கேட்காமல் மறு காது இயல்பாக இருந்தால் 17 சதவீதத்தைத் தாண்டாது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சமாகும்.

எச்சரிக்கை: நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த காது ஓரிரு நாளில் திடீரென மந்தமானால் அது அவசர நிலை. காதில் எண்ணெய் விட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு கேட்கும் திறன் திரும்ப வாய்ப்புண்டு.

படி 2: சான்றிதழும் யூடிஐடி அட்டையும்

யூடிஐடி என்பது நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டை. 2021 ஜூன் 1 முதல் சான்றிதழை இணையம் வழியாக மட்டுமே வழங்குகிறார்கள். ஆகவே பழைய முறையில் தாளில் எழுதி வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் தரகரை நம்பாதீர்கள்.

1. மத்திய அரசின் ஸ்வாவலம்பன் தளத்தில் விண்ணப்பியுங்கள். இணையம் பழக்கமில்லை என்றால் இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள்.
2. பெயரை ஆதாரில் உள்ளபடியே, இனிஷியல் உட்பட, நிரப்புங்கள்.
3. குறைபாட்டின் வகை கேட்கும் இடத்தில் செவித்திறன் பகுதியைத் தேர்வு செய்யுங்கள். பேச்சுக் குறைபாடு தனி வகை. இரண்டும் இருந்தால் இரண்டையும் குறிப்பிடுங்கள். இதன் பலன் ரயில் சலுகையில் தெரியும்.
4. பரிசோதனைக்கான மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள். ஒலி புகாத அறையும் ஆடியாலஜிஸ்ட் என்ற செவித்திறன் நிபுணரும் உள்ள மருத்துவமனையா என்று முன்பே விசாரியுங்கள். இல்லாவிட்டால் அங்கிருந்து இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.
5. பதிவு எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள்.
6. குறித்த நாளில் கோப்புடன் செல்லுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் நடத்தும் மருத்துவ முகாமுக்கும் போகலாம்.
7. சான்றிதழ் ஏற்கப்பட்டதும் மின் அட்டையைப் பதிவிறக்கி அச்செடுங்கள். அட்டை தபாலில் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அட்டையின் நிறம் சதவீதத்தைச் சொல்லும். 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம்.

குறிப்பு: சிறு குழந்தைகளுக்குத் தரும் சான்றிதழ் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லுபடியாவதாக இருக்கலாம். முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து, மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கத் தொடங்குங்கள். பள்ளிச் சேர்க்கையும் பொதுத்தேர்வும் நெருங்கும்போது சான்றிதழ் காலாவதியாகி நிற்பது அடிக்கடி நடக்கும் விபத்து.

வரிசையில் காத்திருக்கும்போது பெயரைக் கூப்பிட்டால் காது கேளாதவருக்குத் தெரியாது. டோக்கன் கொடுப்பவரிடம் போனவுடனே, "எனக்குக் காது கேட்காது, என் முறை வரும்போது கையசைத்துக் கூப்பிடுங்கள்" என்று எழுதிய தாளைக் காட்டுங்கள். கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள்.

படி 3: கருவியும் அறுவை சிகிச்சையும்

*காதொலிக் கருவி எங்கே கிடைக்கும்?*

முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். காதுக்குப் பின் அணியும் காதொலிக் கருவியை மாநில அரசு இலவசமாக வழங்குகிறது. மத்திய அரசின் அடிப் திட்டம் இரண்டாவது வழி. அதில் மாத வருமானம் 22,500 ரூபாய் வரை முழு விலையும், 30,000 ரூபாய் வரை பாதி விலையும் அரசு ஏற்கும். ஒருமுறை கருவி வாங்கியவர் மூன்று ஆண்டு கழித்தே மறுபடி கேட்க முடியும். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஓராண்டு போதும்.

ஆடியோகிராம் இல்லாமல் கருவி வாங்காதீர்கள். கடையிலோ இணையத்திலோ மலிவாகக் கிடைக்கும் ஒலிபெருக்கிகள் எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கும். மிச்சமிருக்கும் செவித்திறனையும் கெடுக்கக்கூடும். கருவியை ஆடியாலஜிஸ்ட் உங்கள் இழப்புக்கு ஏற்ப அமைத்துத் தரவேண்டும்.

*தினமும் காலையில் செய்யவேண்டிய சோதனை*

குழந்தைக்குக் கருவி மாட்டுமுன் இதைப் பழக்கமாக்குங்கள்.

1. கருவியை உள்ளங்கையில் வைத்து மூடுங்கள். பேட்டரி நன்றாக இருந்தால் கீச்சென்று ஒலிக்கும்.
2. காதுக்குள் பொருந்தும் இயர் மோல்டில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மோல்டை மட்டும் கழற்றி வெதுவெதுப்பான நீரில் கழுவி முழுதாக உலர்த்துங்கள். கருவியில் நீர் படக்கூடாது.
3. மாட்டிய பின் குழந்தையின் பின்னால், கையெட்டும் தூரத்தில் நில்லுங்கள். உங்கள் வாய் குழந்தைக்குத் தெரியக்கூடாது.
4. ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் ஆகிய ஆறு ஒலிகளை இயல்பான குரலில், வரிசை மாற்றி, இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். கேட்டால் குழந்தை கை தூக்கவோ ஒரு மணியைக் கிண்ணத்தில் போடவோ பழக்குங்கள்.
5. நேற்றுக் கேட்ட ஒலி இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அப்படியும் கேட்காவிட்டால் ஆடியாலஜிஸ்ட்டிடம் போங்கள்.

இந்த ஆறும் பேச்சில் வரும் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை அனைத்தையும் தழுவியவை. "ஸ்" மட்டும் கேட்கவில்லை என்று போய்ச் சொன்னால், கருவியில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஆடியாலஜிஸ்ட்டுக்கு உடனே புரியும்.

குழந்தை வளர வளர இயர் மோல்டு சிறிதாகிவிடும். கருவி ஓயாமல் கீச்சிட்டால் அதுதான் காரணமாக இருக்கும். கீச்சிடுகிறதே என்று சத்தத்தைக் குறைத்து வைப்பவர்கள் அதிகம், அது தவறு. புது மோல்டு எடுங்கள்.

எச்சரிக்கை: கருவியின் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினாலோ மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பேட்டரிக் கதவைப் பூட்டும் வசதியுள்ள கருவியைக் கேட்டு வாங்குங்கள்.

*காக்ளியர் இம்பிளான்ட்*

காதொலிக் கருவியால் பயன் கிடைக்காத குழந்தைகளுக்கு உட்செவியில் பொருத்தும் கருவி இது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதைச் செய்கிறார்கள். திட்டத்தில் சேர குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். வயது வரம்பு கண்டிப்பானது. எனவே இரண்டு வயதில் தெரிந்தால் ஐந்து வயதுவரை யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

அறுவைக்குச் சம்மதிக்குமுன் மருத்துவரிடம் கேட்கவேண்டியவை:

1. அறுவைக்குப் பிறகு கேட்புப் பயிற்சி எங்கே, எத்தனை காலம், யார் செலவில்?
2. வெளியே அணியும் கருவி பழுதானால், வயர் அறுந்தால் யார் மாற்றித் தருவார்கள்?
3. மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் நிமோகோக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா?
4. பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் என்ன செய்யவேண்டும்?

அறுவை சிகிச்சை முடிந்த அன்றே குழந்தை பேசிவிடாது. கருவியை இயக்கிவைக்கவே சில வாரம் ஆகும். பிறகு வாரந்தோறும் பயிற்சிக்கு அழைத்துப் போக வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

படி 4: மொழியும் பள்ளியும்

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் மாவட்டங்களில் உள்ளன. தாயோ தந்தையோ கூடவே இருந்து கற்றுக்கொண்டு வீட்டில் தொடர்வதுதான் இங்கே முறை. சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா இப்படிப் பெற்றோரோடு சேர்ந்து பேச்சுப் பயிற்சி தரும் பள்ளிகளில் ஒன்று.

அடுத்து பள்ளி. மூன்று வழிகள் உண்டு. தஞ்சாவூர், தருமபுரி போன்ற ஊர்களில் உள்ள அரசுச் சிறப்புப் பள்ளிகள். பாளையங்கோட்டை பிளாரன்ஸ் சுவைன்சன் பள்ளி போல நூறாண்டு கடந்த உதவிபெறும் பள்ளிகள். உங்கள் தெருவில் உள்ள சாதாரணப் பள்ளி. சாதாரணப் பள்ளியில் சேர்த்தால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வருவாரா, வாரம் எத்தனை நாள் வருவார் என்று கேளுங்கள். 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி பெறும் உரிமையைச் சட்டம் தருகிறது. காது கேளாது என்று சொல்லிச் சேர்க்கை மறுக்க முடியாது.

சைகை மொழியைப் பற்றி ஒரு பயம் பெற்றோரிடம் உண்டு: சைகை கற்றால் குழந்தை பேசாது என்று. இது தவறு. சைகை மொழிக்கும் இலக்கணம் உண்டு. அதுவும் முழுமையான மொழிதான். ஏதாவது ஒரு மொழி சிறு வயதில் ஊன்றிவிட்டால் மற்ற மொழிகள் அதன்மேல் வளரும். எந்த மொழியும் இல்லாமல் ஐந்து வயது கடப்பதுதான் உண்மையான ஆபத்து. டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட காணொலி அகராதியை இலவசமாகத் தருகிறது. அம்மா, தண்ணீர், பசி, வலி, போதும், பயம் என்ற ஆறு சைகைகளை இன்றே வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டியையும் சேர்த்து.

*வகுப்பறையில் ஆசிரியரிடம் கேட்கவேண்டியவை*

1. முன்வரிசையில், ஜன்னல் வெளிச்சம் ஆசிரியரின் முகத்தில் படும்படி இடம்.
2. கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசாமல், திரும்பி நின்று பேசுதல்.
3. வீட்டுப்பாடத்தையும் தேர்வு அறிவிப்பையும் எழுதிப் போடுதல்.

படி 5: தேர்வு, கல்லூரி, வேலை

1. பொதுத்தேர்வு: மாநிலப் பாடத்திட்டத்தில் காது கேளாத மாணவர்களுக்கு ஒரு மொழிப்பாட விலக்கும், கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள்.
2. கல்லூரி: அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம். சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதவர்களுக்கெனவே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் உள்ளன.
3. அரசு வேலை: மொத்த ஒதுக்கீடு 4 சதவீதம்; அதில் 1 சதவீதம் காது கேளாதவர்களுக்கும் செவித்திறன் குறைந்தவர்களுக்கும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி என்று குறிப்பிட்டுப் பதிவு செய்து, குறித்த ஆண்டில் புதுப்பியுங்கள்.
4. தொழிற்பயிற்சி: சென்னை கிண்டியில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் உள்ளது.
5. சுயதொழில்: மோட்டார் பொருத்திய தையல் இயந்திரமும் மானியத்தோடு கூடிய வங்கிக் கடனும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகக் கிடைக்கும். திருமண உதவித் திட்டமும் உண்டு.

படி 6: பயணம்

1. நகரப் பேருந்து: மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை. அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள்.
2. ரயில்: காது கேளாமையும் பேசமுடியாமையும் சேர்ந்து இருப்பவருக்கு இரண்டாம் வகுப்பு, படுக்கை வசதி, முதல் வகுப்பில் 50 சதவீதம் குறைவு. ஏசி பெட்டிகளுக்குப் பொருந்தாது. காது மட்டும் கேளாதவருக்கு இந்தச் சலுகை இல்லை. அதனால்தான் சான்றிதழில் இரண்டும் பதிவாக வேண்டும் என்றேன். ரயில்வேயின் தனி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள்.
3. ஓட்டுநர் உரிமம்: காது கேளாமை மட்டுமே காரணமாக உரிமம் மறுக்கக் கூடாது என்பதை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2016இல் தெளிவுபடுத்தியது. இருபுறமும் பெரிய கண்ணாடி பொருத்துங்கள்.

படி 7: மருத்துவமனை, காவல் நிலையம், நீதிமன்றம்

சைகை மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை. சாட்சி சொல்பவர் பேச முடியாதவரானால் சைகையாலோ எழுத்தாலோ சாட்சியம் அளிக்கலாம். அதற்கு மொழிபெயர்ப்பாளர் வைத்து, வீடியோ பதிவும் செய்யவேண்டும் என்கிறது பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டம். 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அங்கே முடிந்தது உங்கள் ஊர் நீதிமன்றத்திலும் முடியும்.

1. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். காது கேளாதோர் சங்கங்களிலும் சிறப்புப் பள்ளிகளிலும் பயிற்சி பெற்றவர்கள் இருப்பார்கள்.
2. புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அறுவை சிகிச்சை ஒப்புதல், வாக்குமூலம், பத்திரம் எதுவானாலும் சரி.
3. குடும்பத்தில் ஒருவரே குற்றம் சாட்டப்பட்டவராக இருக்கும் வழக்கில் உறவினரை மொழிபெயர்ப்பாளராக ஏற்காதீர்கள்.
4. மருத்துவரிடம் பேசும்போது முகக்கவசத்தை ஒரு நிமிடம் இறக்கவோ எழுதிக் காட்டவோ கேளுங்கள்.

*சட்டைப் பையில் வைக்கவேண்டிய அட்டை*

> எனக்குக் காது கேட்காது.
> முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசுங்கள், அல்லது எழுதிக் காட்டுங்கள்.
> என் இரத்த வகை: ______ ஒவ்வாமை: ______
> அவசரத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பவேண்டிய எண்: ______

அவசர உதவிக்கு 112 செயலியைக் கைப்பேசியில் இன்றே நிறுவி, குடும்பத்தார் எண்களைப் பதிந்துவையுங்கள். ஆபத்து வந்த பிறகு நிறுவ நேரம் இருக்காது.

படி 8: சங்கத்தில் சேருங்கள்

அரசு தருவது கருவியும் காசும். எந்த அலுவலர் பதில் சொல்வார், எந்தக் கம்பெனி காது கேளாதவரை மதித்து வேலை தருகிறது, எந்தப் பள்ளியில் உண்மையில் பாடம் நடக்கிறது என்பதெல்லாம் ஏற்கெனவே அந்த வழியில் நடந்தவர்களுக்குத்தான் தெரியும். பல மாவட்டங்களில் காது கேளாதோர் சங்கங்கள் உண்டு. மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் முகவரி கிடைக்கும்.

குழந்தையின் பெற்றோர் அங்கே கட்டாயம் போகவேண்டும். வேலை பார்த்து, வண்டி ஓட்டி, பிள்ளை வளர்க்கும் காது கேளாத பெரியவர்களை நேரில் பார்த்தால் உங்கள் பயத்தில் பாதி அங்கேயே தீரும். பிள்ளைக்கும், தன்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்ற தைரியம் வரும்.

வயதான பின் காது மந்தமானவர்களுக்கும் துணை வேண்டும். வீட்டில் அவர்கள் முதுகுக்குப் பின் நின்று கத்தாதீர்கள். தோளைத் தொட்டு, முகம் பார்த்து, டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். "ஒன்றுமில்லை, விடு" என்று சொல்லிப் பேச்சை வெட்டாதீர்கள். அவர்களை ஒதுங்க வைப்பது அந்தச் சொல்தான்.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2025இல் சட்டம் இயற்றியது. சங்கமாக நின்றால்தான் காது கேளாதவரின் குரலும் அந்த இடங்களில் எழும்.

மறுத்தால் என்ன செய்வது?

1. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வது கடினம்.
2. மாநில மாற்றுத்திறனாளிகள் உதவி எண் 1800 425 0111இல் உறவினர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள்.
3. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள்.
4. அதிலும் தீராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யுங்கள். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரத்தைச் சட்டம் தந்திருக்கிறது.

*மாதிரி மனு*

> அனுப்புநர்: (பெயர், முகவரி) ______
> பெறுநர்: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள்
> பொருள்: காதொலிக் கருவி வழங்கக் கோருதல்
> ஐயா / அம்மையீர்,
> நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். எனக்கு ___ சதவீத செவித்திறன் குறைபாடு உள்ளது. யூடிஐடி எண் ______. இதுவரை அரசிடமிருந்து கருவி பெறவில்லை. ஆடியோகிராம், அட்டை, வருமானச் சான்றிதழ் நகல்கள் இணைத்துள்ளேன். கருவி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் காது கேளாததால் பதிலைக் கடிதம் அல்லது குறுஞ்செய்தி வழியாகத் தெரிவிக்கவும்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைப்பார்கள். நீங்கள் எடுக்கவில்லை என்று கோப்பை மூடிவைப்பார்கள்.

அடிக்கடி நடக்கும் ஐந்து தவறுகள்

1. சான்றிதழுக்காகக் காத்திருந்து பயிற்சியைத் தள்ளிப்போடுவது.
2. ஆதாரில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்று விட்டுவைப்பது.
3. கிடைத்த கருவியைப் பீரோவில் வைத்துப் பூட்டுவது. தொடக்கத்தில் எரிச்சலாக இருந்தாலும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி, விழித்திருக்கும் நேரம் முழுதும் அணியப் பழக்க வேண்டும்.
4. காது கேட்கவைக்கும் மருந்து என்று விற்கும் சொட்டுகளுக்கும் பூசைகளுக்கும் காசை இறைப்பது.
5. காது கேளாதவரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அவரைப் பற்றி உடன் வந்தவரிடமே பேசுவது. விண்ணப்பம் அவருடையது. கேள்வியை அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பதிலை அவரே எழுதட்டும்.

இந்த வாரமே மூன்று வேலைகளை முடியுங்கள்: கோப்பை அடுக்குங்கள், பரிசோதனைக்கு நாள் வாங்குங்கள், ஆறு சைகைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். இந்த உதவிகள் சலுகையாக வருபவை என்று எண்ணி யார் முன்னும் கூசி நிற்கவேண்டாம். சட்டம் உங்களுக்குத் தந்த உரிமைகள் இவை. நிமிர்ந்து நின்று, எழுத்தில் கேட்டு, ரசீது வாங்குங்கள்.